ஆவாரேந்தலைச் சுற்றி நாலு கிலோமீட்டர்

"நாய் கடிக்கும்னு அவகிட்டச் சொன்னீகளா, இல்லையா?"

"நாய் இருக்கத்தான செய்யுது, நான் என்ன இல்லாததையா..."

"இருக்கிற ரெண்டு நாயும் டீக்கடை வாசல்ல சுருண்டு கெடக்கு. அதுக்குப் பயந்துக்கிட்டு ஏழு சைக்கிளும் முள்ளுக்குள்ள போகணுமாக்கும்."

"மெதுவாப் பேசு துர்கா, மாடியில அவுக எந்திரிச்சிருப்பாக."

"எந்திரிக்கட்டும். நான் பேசுறது அவுகளுக்கு வெளங்கவா போகுது? வெளங்குற ஆளுக்கே வெளங்க மாட்டேங்குது."

காளிதாஸ் கையிலிருந்த டயரைக் கீழே வைக்காமலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். கோபம் வந்தால் அவனுக்கு முதுகுதான் முகம் என்பது கல்யாணமான முதல் வருஷத்திலேயே துர்காதேவிக்குத் தெரிந்துபோன விஷயம்.

மார்கழி மாதம் என்பதால் கடலாடியில் அந்தக் கல்யாண மண்டபம் சும்மாதான் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தங்கும் மாடி அறைகளில் பிரான்சிலிருந்து வந்த ஆறு பேர் தங்கியிருந்தார்கள். பந்தி போடும் கூடத்தில் அவர்களுடைய சைக்கிள்கள் சுவரோரம் சாய்ந்து நின்றன. தடித்த டயர், கிடாக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி. தார் ரோட்டை விட்டு விலகி, சரளையிலும் செம்மண்ணிலும் மாட்டுவண்டித் தடத்திலும் போவதற்கென்றே செய்த சைக்கிள்கள். கிராவல் பைக் என்பார்கள். ராமநாதபுரத்தில் கிளம்பி, கண்மாய்க் கரைகளையும் உப்பளங்களையும் பிடித்துக்கொண்டு ஆறாம் நாள் தனுஷ்கோடி முனையில் போய் இறங்க வேண்டும். வழிகாட்டி காளிதாஸ். தண்ணீர்க் கேன், ட்யூப், ஆட்களின் பை, ஒரு தார் வாழைப்பழம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, ரோட்டு வழியாக முன்னால் போய்க் காத்து நிற்கும் குட்டியானை வண்டியை ஓட்டுகிறவள் அவன் மனைவி துர்கா.

இது மூன்றாவது குழு. முன்பு வந்த இரண்டு குழுவும் ஊருக்குப் போய் எழுதிய குறை ஒன்றேதான். எல்லாம் அருமை, ஆனால் நாலாம் நாள் கண்மாய்க் கரையில் கருவேல முள் டயரைத் துளைத்து எடுத்துவிட்டது. முதல் குழுவுக்கு ஒன்பது பங்சர், இரண்டாவதுக்குப் பதினொன்று. அதனால் இந்தத் தடவை, ஆள் சேர்த்து அனுப்புகிற சில்வியே நேரில் வந்திருந்தாள். ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு, எதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிற பழக்கம். நேற்று மாலை இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவள், ஆவாரேந்தல் என்ற ஊருக்குள் ஒரு தெரு நேராகப் போகிறதே, முந்நூறு மீட்டர்கூட இராது போலிருக்கிறதே, அதை விட்டுவிட்டு நாம் ஏன் நாலு கிலோமீட்டர் சுற்றுகிறோம் என்று கேட்டாள். காளிதாஸ் கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டான். அந்தத் தெருவில் நாய்கள் பொல்லாதவை என்று.

இங்கிலீஷில் சொன்னதால் துர்காவுக்கும் அது விளங்கிவிட்டது. இரவெல்லாம் அதை வாயில் போட்டு மென்று வைத்திருந்தாள். விடிந்ததும் துப்பிவிட்டாள்.

ஆவாரேந்தல் காளிதாஸின் சொந்த ஊர். ஊர் என்று சொன்னால் அவன் திருத்துவான். ஊருக்குக் கிழக்கே இருக்கிற காலனி. கடலாடி ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் காலனிக்காரர்கள் ஊர்த் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். ரோட்டுப் பக்கத் தெருமுனையில் சிமென்ட் வளைவு ஒன்று இருக்கிறது. அந்த வளைவு வந்ததும் செருப்பு கைக்கு வர வேண்டும்; சைக்கிளில் வருகிறவன் இறங்கித் தள்ள வேண்டும். எங்கும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைக்க அவசியம் இருந்ததில்லை.

காளிதாஸின் தகப்பன் மாரீஸ்வரன் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவர். சேர்த்த காசில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். வாங்கின அன்றைக்கே ஆட்கள் சிரித்தார்களாம், தெருவுக்குள் தள்ளத்தான் போகிறாய், இதற்கு எதற்கு சைக்கிள் என்று. தள்ளிக்கொண்டு போவதற்கென்றால் ஓர் ஆட்டுக்குட்டி வாங்கியிருப்பேனே என்று அவர் சொன்னதைக் காலனியில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் தள்ளவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு போய், ஊருக்கு வடக்கே கண்மாய்க் கரையில் கருவேல முள்ளை வெட்டித் தடம் போட்டார். காலையில் நாலு கிலோமீட்டர், மாலையில் நாலு கிலோமீட்டர், முப்பத்தொரு வருஷம் அந்தக் கரையில் சைக்கிள் மேல் ஏறி உட்கார்ந்துதான் ஓட்டினார். பின்னால் மற்றவர்களும் அதில் போக ஆரம்பித்தார்கள். தடம் நிலைத்துவிட்டது.

காளிதாஸ் பதினாலு வயதில் ஒரே ஒரு தடவை, பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்று, அப்பாவின் சைக்கிளில் தெரு வழியாகப் பறந்திருக்கிறான். பாதித் தெருவில் யாரோ கேரியரைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் நாகநாதன். அப்போது அவர் ஊராட்சித் தலைவர். அடிக்கவில்லை, ஒரு சொல் ஏசவில்லை. இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டு, வால்வு இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் பார்த்துவிட்டு, கண்மாய்க்குள் விட்டெறிந்தார். அப்பா வந்து, காற்றில்லாத சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை வழியாகவே வீட்டுக்குப் போனார். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன் என்று கல்யாணமான புதிதில் ஒருநாள் துர்காவிடம் சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

துர்கா பரமக்குடியில் பிறந்து வளர்ந்தவள். அங்கே அவள் அப்பாவுக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் வாடகை சைக்கிள் கடை இருந்தது. எல்லாத் தெரு ஆளும் அந்தக் கடையில் மணிக்கணக்கில் சைக்கிள் எடுத்தவர்கள்தான். அதனாலேயோ என்னவோ, இந்தக் கதையை முதலில் கேட்டபோது அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இன்றைக்கும் எரிச்சல்தான். அவள் குட்டியானையை ஓட்டிக்கொண்டு இரண்டு தடவை அந்தத் தெருவில் போயிருக்கிறாள். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. காலனிப் பையன்கள் மோட்டார் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு பறக்கிறார்கள். அவர்களையும் கேட்பாரில்லை. காலனியில் சைக்கிள் ஓட்டுகிற ஆள்தான் இப்போது யாருமில்லை. வழக்கம் செத்துப்போனதா, சைக்கிள்தான் செத்துப்போனதா என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அதைத்தான் இப்போதும் கேட்டாள். நான் வண்டியோடு போகிற தெருவில் நீங்கள் போவதற்கு என்ன வந்தது என்று. வண்டி வேறு, சைக்கிள் வேறு என்றான் அவன். எப்படி வேறு என்று கேட்டாள். டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

"அது எங்கய்யா போட்ட தடம்" என்றான் கடைசியில். "அதுல ஓட்டுறது எனக்கு ஒண்ணும் கேவலம் இல்ல."

"உங்கய்யா வேற வழி இல்லாமப் போட்டாக. நீங்க வழி இருந்தும் போறீக."

"ஒனக்குத் தெரியாது. பரமக்குடியில பொறந்தவளுக்கு அது தெரியாது."

"தெரியாதுதான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம், பிரான்சுல சர்ச்சு வாசல்ல பெல்லடிச்சுக்கிட்டுப் போன மனுசன் சொந்த ஊருல திருடன் மாதிரிக் கொல்லைப்பக்கமாப் போறாருங்கிறதுதான்."

சொன்ன பிறகு கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதோ என்று இருந்தது. லிமோஜ் பக்கம் ஒரு சின்ன ஊரில், பாண்டிச்சேரிக்காரர் ஒருவரின் ஓட்டலில் ஏழு வருஷம் வெங்காயம் உரித்தவன் அவன். அங்கே சாப்பிட வந்த சில்விதான் பழைய சைக்கிள் ஒன்றைக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளைச் சரளை போட்ட தடம், இரண்டு பக்கமும் மாடு மேய்கிற புல்வெளி, ஒரு சத்தமில்லாத மத்தியானம். ஊருக்குள் நுழைந்தால் சர்ச்சுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற கிழவர்கள் கையைத் தூக்கி போன்ஜூர் என்று வணக்கம் சொல்வார்களாம். முதல் தடவை அப்படி யாரோ கையைத் தூக்கியதும், நிறுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்து இவன் இறங்கிவிட்டானாம். சில்வி அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லுவாள். இவனும் சேர்ந்து சிரிப்பான். திரும்பி வந்ததும் இந்தச் சைக்கிள் பயணத்தை ஆரம்பித்ததே அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துத்தான். பாதை குறிக்கிற கருவியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டிப் பார்த்தபோது, ஆவாரேந்தல் வந்ததும் கால் தானாகவே கரையில் ஏறிவிட்டது. அதுதான் வரைபடமாக ஆனது. பிரான்சில் அச்சடித்த தாளில் அந்த நாலு கிலோமீட்டரை, ஆள் நடமாட்டமே இல்லாத அமைதியான பாதை என்று எழுதியிருந்தார்கள். அதன் அர்த்தத்தைக் கேட்டுவிட்டுத் துர்கா சிரித்த சிரிப்பில் காளிதாஸ் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

இப்போது டயரோடு எழுந்தான். டயரைச் சக்கரத்தில் மாட்டிக் காற்றடித்தான். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான்.

"சரி. தெரு வழியாவே போறேன்."

"நெசமாவா?"

"போறேன்னு சொன்னேன்ல. விடு."

துர்கா வண்டியை எடுக்கும்போது மணி ஏழரை. மனதுக்குள் ஒரு கொண்டாட்டம். ஏர்வாடி விலக்கு தாண்டும்வரை பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினாள். மழை நல்லபடியாகப் பெய்திருந்ததால் கண்மாய்கள் நிறைந்து கிடந்தன. மிளகாய்ச் செடி பூத்திருந்தது. முள் காட்டுக்குள் கரை வளைந்து போவது ரோட்டிலிருந்தே தெரிந்தது. இன்றோடு உன் வேலை முடிந்தது என்று அதைப் பார்த்துச் சொன்னாள்.

ஆவாரேந்தல் தெருவில் வாசலுக்கு வாசல் கோலம், சாணிப் பிள்ளையார் தலையில் பூசணிப்பூ. டீக்கடை தெருவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள். சும்மா இருந்திருக்கலாம். தண்ணீர்க் கேனை இறக்கி வைத்துவிட்டு, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இத்தனை நாள் யாரும் பார்க்காமல் சுற்றிப் போன ஆள், வருகிறபோது நாலு பேர் பார்க்க வர வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கடைக்கார மீனம்மாளிடம் பேச்சுக் கொடுத்தாள். இன்றைக்கு வெள்ளைக்காரர்கள் கரை வழியாகப் போகவில்லை, இந்தத் தெருவில்தான் வருகிறார்கள், என் வீட்டுக்காரர்தான் முன்னால் ஓட்டிக்கொண்டு வருகிறார் என்றாள். ஓட்டிக்கொண்டு என்பதை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் சொன்னாள்.

மீனம்மாளுக்குச் செய்தி கிடைத்தால் போதும். கால் மணி நேரத்தில் தெரு முழுக்க ஆள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார்கள். இளநீர்க் குலை ஒன்று வந்து இறங்கியது. நாகநாதனும் வந்தார். எண்பதை நெருங்குகிற வயது, தோளில் சால்வை, கையில் கம்பு. வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வளைவுப் பக்கம் பார்த்தார். பார்க்கட்டும் என்று துர்கா நினைத்தாள். நன்றாகப் பார்க்கட்டும்.

வளைவுக்கு அப்பால் செம்புழுதி எழுந்தது. அதற்குள்ளிருந்து ஒரே வரிசையில் ஏழு சைக்கிள். முதலில் காளிதாஸ், மஞ்சள் ஹெல்மெட், குனிந்த முதுகு. நல்ல வேகம். அவனுக்குப் பின்னால் சில்வி. மற்ற ஐந்து பேரும் ஒரு சைக்கிள் இடைவெளியில். இப்படி வரிசையில் ஓட்டுவதற்கென்று இவர்களிடம் ஒரு முறை உண்டு. பள்ளம் வந்தால் முன்னால் போகிறவன் கையைக் காட்டுவான், பின்னால் வருகிறவர்கள் வரிசையாக அதையே காட்டுவார்கள். முதல் நாள் தேவிபட்டினத்தில் காளிதாஸ் இன்னொன்றையும் சொல்லி வைத்திருந்தான். கோயில் வரும், தர்கா வரும், எந்த இடத்தில் என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் நான் செருப்பைக் கழற்றினால் நீங்களும் கழற்றுங்கள், நான் நின்றால் நில்லுங்கள், கேள்வி பிறகு. நான்கு நாளாக அதைச் சொல்லுக்குச் சொல் செய்துகொண்டு வந்தார்கள்.

வளைவுக்குப் பத்தடி இருக்கும்போது அவன் வேகம் குறைந்தது. துர்கா ஓரடி முன்னால் வந்தாள். கல்லைப் பார்த்து ஒதுங்குகிறான் என்று நினைத்தாள். பெடலில் மாட்டியிருக்கும் காலணியை அவன் முறுக்கி விடுவிக்கிற சத்தம் அவளுக்கு எட்டவில்லை. கால் தரையைத் தொடுவதைத்தான் பார்த்தாள். வலது காலைத் தூக்கிப் போட்டு இறங்கினான். சைக்கிளுக்கு இடப்பக்கமாக வந்தான். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வளைவுக்குள் நுழைந்தான்.

பின்னால் சில்வி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக ஐந்து பேரும் இறங்கினார்கள்.

அடியில் இரும்பு வைத்த காலணிகள் சிமென்ட் தரையில் டக் டக்கென்று கேட்டன. காளிதாஸ் தெருவின் ஓரமாக, தலையைக் குனிந்தபடி நடந்தான். கோலத்தில் சக்கரம் படாமல் ஒதுக்கி ஒதுக்கித் தள்ளினான். வெள்ளைக்காரர்களும் அப்படியே ஓரமாக, அப்படியே தலையைத் தாழ்த்திக்கொண்டு, கோலத்தை மிதிக்காமல் வந்தார்கள். ஒருவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். நாகநாதன் எழவில்லை. கம்பின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சைக்கிளும் தன்னைத் தாண்டிப் போவதை எண்ணுவது மாதிரிப் பார்த்தார். பிறகு துர்கா பக்கம் திரும்பினார்.

"பரவால்லம்மா. மாரீஸ்வரன் மகன் எத்தனை சீமைக்குப் போனாலும் பழசை மறக்கல. வெள்ளைக்காரவுகளுக்கும் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்கான் பாரு."

அவர் குரலில் ஏளனம் இருந்திருந்தால் துர்காவிடம் பதில் இருந்திருக்கும். நிஜமான சந்தோஷம்தான் இருந்தது. இந்த முந்நூறு மீட்டரைத் தள்ளிக்கொண்டு நடக்கக் கூடாது என்றுதானே அந்த மனுஷன் முப்பத்தொரு வருஷம் முள்ளுக்குள் போனார். அவர் மகனை இங்கே கொண்டுவந்து, நாற்காலி போட்டு ஆள் கூட்டி, அதையே செய்ய வைத்தது வேறு யார்.

மீனம்மாள் பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து சில்விக்குக் கொடுத்தாள். காளிதாஸுக்குக் காகிதக் கப்பில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். பின்னால் கொஞ்ச தூரம் தள்ளி மற்றவர்கள் இளநீருக்கு நின்றுவிட்டார்கள்.

துர்கா அவன் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "என்னாச்சுங்க?"

"கால் தானா எறங்கிருச்சு."

"யாரும் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லல."

"இப்பவாச்சும் ஏறுங்க. காலனிக்குத் திரும்புற எடம் வரைக்கும் இன்னும் அம்பது அடி கெடக்கு. ஏறி ஓட்டிட்டுப் போங்க. பார்த்துக்கிட்டுத்தான் இருக்காக."

அவன் திரும்பித் தெருவைப் பார்த்தான். ஆறு சைக்கிளும் ஓரமாக ஒழுங்காக நின்றன. ஒருத்தரும் ஏறவில்லை. அவன் ஏறட்டும் என்று காத்திருந்தார்கள்.

"ஏறுனா, எதுக்கு எறங்குனேன்னு கேப்பாக" என்றான். "என்னன்னு சொல்ல?"

காகிதக் கப்பைக் கசக்கினான். போட இடமில்லாமல் சட்டையின் பின்பையில் திணித்துக்கொண்டான். அவன் கழுத்தில் வேர்வையும் புழுதியும் சேர்ந்து சேறாக வழிந்தது. துர்கா துண்டை நீட்டினாள். வாங்கவில்லை.

சில்வி வந்தாள். முகமெல்லாம் சிவந்து, அத்தனை சந்தோஷம். ஒரு பங்சர்கூட இல்லை, நாய்கூடத் தூங்குகிறது என்று கேலி செய்தாள். இந்தப் பயணத்திலேயே இதுதான் அழகான இடம், இறங்கி நடந்ததால்தானே கோலங்களையும் மனிதர்களையும் பார்க்க முடிந்தது, ஓட்டிக்கொண்டு போயிருந்தால் ஒரு நிமிஷத்தில் தாண்டியிருப்போம் என்றாள். இனி வருகிற குழுக்கள் எல்லாம் இந்த வழியாகவே வரட்டும். வளைவில் எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும் என்று குறிப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று புத்தகத்தை எடுத்தாள். பிறகு பிரெஞ்சில் காளிதாஸிடம் ஏதோ கேட்டாள். அவன் ஒற்றைச் சொல்லில் ஏதோ சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு எழுதினாள்.

"என்ன கேட்டா?" என்றாள் துர்கா.

"எதுக்காக எறங்குறதுன்னு."

"என்ன சொன்னீக?"

"மரியாதைன்னு சொன்னேன்."

துர்கா சில்வியின் கையைப் பார்த்தாள். எழுத்து சின்னச் சின்னதாக, அழகாக இருந்தது. வளைவின் படத்தைக்கூடப் பக்கத்தில் வரைந்திருந்தாள். பேனாவைப் பிடுங்கிவிடலாம். பிடுங்கினால் பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அதுவும் அவன் இங்கே நிற்கும்போது அவனைப் பற்றியே, தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில். அவன் சொல்லட்டும் என்று நின்றாள். சொல்லுவான் என்று நின்றாள்.

அப்போது மேற்கே வளைவுப் பக்கமிருந்து ஓர் ஆள் டிவிஎஸ்ஸில் வந்தான். இரண்டு பக்கமும் பால் கேன், வாயில் பீடி. இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களை ஹாரன் அடித்து விலக்கினான். காலில் செருப்பு. ஒரு கோலத்தின் நடுவே சக்கரத்தை ஏற்றி, நாகநாதனுக்கு ஒரு தலையசைப்பைப் போட்டுவிட்டு, இவர்களைத் தாண்டிப் போனான். அவனுக்குப் பின்னாலேயே பள்ளிக்கூடப் பை மாட்டிய ஒரு சின்னப் பெண், ஊர்க்காரப் பெண்தான், தன் உயரத்துக்கு மீறிய சைக்கிளில் நின்றுகொண்டே மிதித்துப் போனாள். யாரும் அவர்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சில்வி பார்த்தாள். அவர்கள் திரும்பி மறைகிற வரை பார்த்தாள். எழுதிய வரியின் மேல் பேனா நின்றது. துர்காவுக்கும் விளங்கட்டும் என்று, இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திக் காளிதாஸைக் கேட்டாள்.

"இந்த மரியாதை இங்கே எல்லாருக்கும் உண்டா, இல்லை நமக்கு மட்டும்தானா?"